சூரன்போர் அன்று எனக்கு உரு வரவில்லை

எங்கள் சரவணை ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நினைப்பவர் இந்தத் தீவில் பிறந்தவராக இருக்க முடியாது. காய்ச்சல், வருத்தம் என்றால் கஞ்சி வரும். வயிறு சரியில்லை என்றால் இஞ்சி போட்ட தேத்தண்ணி வரும், கூடவே நாலு பிஸ்கற்றும் வரும். ஒரேயொரு சொல்லுக்குத்தான் எல்லாக் குசினியும் அடங்கும்: விரதம். அதைச் சொன்னால் நீட்டிய தட்டைத் தாங்களே திருப்பி எடுத்துக்கொண்டு மன்னிப்பும் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து நான் மூன்று மாதம் பிழைத்தேன்.

விசயம் இதுதான். ஓகஸ்ட் விடுமுறையில், கொழும்பில் பயிற்சி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பித்துக்கொண்டு வந்தேன். எடை குறைக்கிற ஒப்பரேஷன். கதிரையில் இருந்தால் எழும்ப ஆள் பிடிக்க வேண்டிய உடம்பு எனக்கு; சீனி வருத்தமும் பிரஷரும் வேறு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று கொழும்பு டொக்டர் சொன்னார். அவருக்கென்ன, அவர் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பிக்கவில்லை. அளவாகச் சாப்பிடு, கீரை சாப்பிடு என்று இருபது வருடம் பிரசங்கம் செய்த ரீச்சர், வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டினா என்று ஊர் சிரிக்காதா? யாருக்கும் சொல்வதில்லை என்று கணவரிடம் கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். அந்த மனுசன் சந்தோசமாகச் செய்து தந்தார். கதைக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் விடுவாரா?

பிரச்சினை என் மச்சாளிடமிருந்து வந்தது. கணவரின் அக்கா, பக்கத்து வளவு. என் பழைய பருமன்தான் அவருக்கும். நாங்கள் இருவரும் ஓட்டோவில் ஏறினால் ஓட்டோக்காரன் எங்களைப் பார்க்க மாட்டான், ரயரைத்தான் பார்ப்பான்.

"என்ன மச்சாள், கொழும்பில சோறு தரேல்லையோ? உருகிப்போனீர்!"

"விரதம் பிடிக்கிறன் மச்சாள்."

"அப்ப நானும் பிடிக்கிறன்."

பிடித்தார். புரட்டாதிச் சனி, நவராத்திரி, கேதாரகௌரி என்று ஒன்றையும் விடவில்லை. நான் நாலு கரண்டிக்கு மேல் போனால் தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுக்கிறவள். அவரோ பசியெடுக்கிற வயிற்றோடு உண்மையாகவே பட்டினி கிடந்தார். நான் மாதத்துக்கு இரண்டு தரம் சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன். அவரோ தண்ணியைக் குடித்தாலும் அப்படியே இருந்தார்.

"எனக்குத்தான் பக்தி காணாதாக்கும்" என்று ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"மனசு ஒருமைப்பட வேணும் மச்சாள்" என்றேன் நான். என் நாக்கு அன்றைக்கே அழுகியிருக்க வேண்டும்.

கொழும்பில் ஒரு பெரிய போத்தல் விற்றமின் குளிசை தந்து, ஒரு நாளும் தவறவிடாதே என்று எழுதியும் தந்திருந்தார்கள். மச்சாளோ பாதி நாள் என் குசினியில் இருப்பவர், எந்த மூடியையும் உரிமையோடு திறப்பவர். போத்தலை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். ஒளித்ததோடு மறந்தும் போனேன்.

கந்தசஷ்டி தொடங்கிய அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து சேர்ந்தேன். மற்றது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவே இல்லை. வாசலில் நின்ற கணவர் என் காலைப் பார்த்தார். "மற்றதை உம்மட அடியார்மார் கும்பிடக் கொண்டுபோட்டினமோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டி விரலிலிருந்து நழுவி விழுந்தது. நாலாம் நாள் பஸ் படியில் கால் ஏறவில்லை. கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான். முழங்காலுக்குக் கீழே விறைத்து, யாரோ இன்னொருத்தியின் காலைக் கடன் வாங்கி நடக்கிறதுபோல இருந்தது. பயம் வந்தது. ஆனால் சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் கேள்வி.

ஆறாம் நாள் சூரன்போர். கோயில் வீதியில் நெருக்கியடித்த சனத்துக்குள் மச்சாளும் நானும். சூரன் தலை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறான், பறை முழங்குகிறது, எனக்கு இரண்டு காலும் மடிந்து அப்படியே மணலில் விழுந்தேன்.

"ரீச்சருக்கு உரு வந்திட்டுது! முருகன் இறங்கிட்டார்!"

ஒருத்தி என் கொண்டையை அவிழ்த்தாள். இன்னொருத்தி மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தாள். "ஐயோ, எனக்குக் கால் ஏலாது, தூக்குங்கோ!" என்று கத்தினேன், அதற்கும் ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலாக என் மச்சாள். பாரம் சுமந்து நோகிற தன் முழங்கால்களை மணலில் ஊன்றி, எனக்கு முன்னால் கைகூப்பி அழுதார்.

"முருகா, மூண்டு மாசமா உன்னை வேண்டுறன். என்ர விரதத்தில என்ன குறை? என்னில என்ன கோவம்? சொல்லு அப்பா!"

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

கணவர்தான் சனத்தை விலக்கி, என்னைத் தூக்கி ஒரு வாடகை வானில் போட்டுப் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மச்சாளும் ஏறிவிட்டார். இறக்க யாரால் ஏலும்?

"முந்தி ஏதும் ஒப்பரேஷன் செய்தனீங்களோ அம்மா?" என்று கேட்டார், என் மாணவிகளின் வயதிருக்கும் இளம் டொக்டர் பிள்ளை.

மச்சாள் பக்கத்திலேயே நின்றார். "இல்லை" என்றேன். கணவர் மேலே சுழல்கிற காற்றாடியைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்கவில்லை. டொக்டர் பிள்ளை முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் அசையவில்லை. போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். அங்கேயிருந்த சின்னத் தழும்புகளில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இது நரம்பு சம்பந்தப்பட்டது அம்மா. காரணம் தெரியாமல் நாள் போனால், கால் பழையபடி வராமலும் போகலாம்."

அப்போதுதான் தலையைத் தூக்கிக் காலடியைப் பார்த்தேன். மச்சாள் என் பாதத்தில் திருநீறு பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகத் தேய்க்கிறாரோ, எனக்குத் தெரியவே இல்லை.

"கொழும்பில இரைப்பையை வெட்டினனான்" என்றேன். "விரதமில்லை. மெலிஞ்சது அதாலைதான்."

டொக்டர் பிள்ளை அடுத்தடுத்துக் கேட்டார். சத்தி? ஓம். விற்றமின் குளிசை? போடேல்லை. அவர் உடனே நேர்ஸைக் கூப்பிட்டு, "விற்றமின் பி வண், ஊசியாய், இப்பவே" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கைதான் எழும்பவில்லை. குறைபாட்டு நோய்கள் பாடத்தில் முதல் வரியே அதுதான். விற்றமின் பி1 குறைந்தால் பெரிபெரி, கை கால் விறைப்பு, தளர்ச்சி. அதை எழுத மறந்த எத்தனை பிள்ளைகளுக்கு நான் முட்டை போட்டிருக்கிறேன்!

ஊசி ஏறியது. டொக்டர் பிள்ளை அடுத்த கட்டிலுக்குப் போனார். மச்சாளின் கை என் காலில் இருக்கிறதா, எடுத்துவிட்டாரா என்று பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இருந்தது. ஏச்சுப்பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அப்ப," என்றார் மெதுவாக, "முருகனுக்கு என்னில கோவம் ஒண்டுமில்லையோ?"

"இல்லை மச்சாள். உம்மில ஒரு குறையுமில்லை. நான்தான் பொய் சொன்னனான்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழுதாரா, சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். பிறகுதான் பேச்சு விழுந்தது. அந்த வார்ட்டில் இருந்த எல்லாருக்கும் என் இரைப்பையின் வரலாறு பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"சோறு வாங்கிக்கொண்டு வரட்டோ அக்கா? நேற்றும் சாப்பிடேல்லை" என்றார் கணவர்.

"வேண்டாம். இவவின்ர கால் வர வேணுமெண்டு ராத்திரி முருகனுக்கு நேர்ந்தனான். ஏழு நாள், பால் மட்டும்."

"இனி ஏன் மச்சாள்?" என்றேன். "நான் உம்மை ஏமாத்தினனானெல்லோ."

"அந்தக் கணக்கு உம்மோட. இது அவரோட."

கால் முழுதாகத் திரும்ப மாதக்கணக்காயிற்று. அந்த ஏழு நாளும் என் கைக்குக் கரண்டி பிடிக்கச் சக்தியில்லை. மச்சாள் கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து சிவப்பரிசிக் கஞ்சியை எனக்குக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். தன் வாயில் ஒரு பருக்கையும் வைக்கவில்லை.

"வாயைத் திறவும், கள்ளி" என்பார். நான் திறப்பேன்.