கரீம் பாயின் பிசினஸ் கிளாஸ் படுக்கை

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது பேருந்தில் உட்காரும் முறை. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஒருவர் இருந்துவிட்டால் இங்கே அது நிரம்பிய இருக்கை. அடுத்து ஏறுகிறவர் வேறு வரிசை தேடுவார். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இது தெரியாமல், ஏறக்குறைய காலியாக வந்த ஒரு பேருந்தில், ஜன்னலோரம் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகும் பேருந்தில் தனியாக ஏறும் பெண் இன்னொரு பெண்ணின் பக்கத்தைத்தான் தேடுவாள். நானும் அதையே செய்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆர் யூ ஆல்ரைட், லவ்?” என்றார். நலம் விசாரிக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டாயிற்று, ட்யூட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று ஒப்பித்தேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்தில் யாரும் இல்லாமல் இருப்பதுதான் இந்த ஊரில் வசதி என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அந்த வசதியை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதைப் பார்க்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

நான் வேலூரில் நர்ஸிங் படித்து, அங்கேயே சில காலம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்தவள். மருத்துவமனை வேலை போக, விடுப்பு நாள்களில் இன்னொரு வேலையும் உண்டு. வேற்று நாட்டில் நோயில் விழுந்தவர்களை விமானத்தில் அவரவர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது. உட்கார முடியாத நோயாளி என்றால் பிசினஸ் கிளாஸில்தான் இடம் எடுப்பார்கள். அங்கேதான் இருக்கை படுக்கையாக மாறும். ஒருநாள் என் வார்டுக்கே ஒரு பெயர் வந்தது. கரீம், ஊர் ஆம்பூர். படித்ததும் என் மூக்கில் தோல் பதனிடும் தொட்டியின் வாடை ஏறியது. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் கண் அயர்ந்தவர்களைக்கூட ஆம்பூர் வந்துவிட்டது என்று எழுப்பிவிடும் வாடை அது.

கரீம் பாய் தோல் தொழிற்சாலையில் சாயம் அடிக்கும் பிரிவில் சேர்ந்து, அதே பிரிவில் சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவர். ஒரே மகன் இம்தியாஸ் எங்கள் நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். மகனைப் பார்க்க வந்த இடத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஊருக்குப் போவதென்றால் உடனே போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இம்தியாஸின் பாஸ்போர்ட்டோ விசா நீட்டிப்புக்காக அரசாங்க அலுவலகத்தில் கிடந்தது. திரும்பக் கேட்டால் விண்ணப்பம் ரத்தாகும். போனால் திரும்பி வர முடியாது. வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொண்டு அவன் சொன்னான்: “நான் போவேண்டிய இடத்துல நீங்க போறீங்க சிஸ்டர். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க. குணமாக்கத்தான் ஊருக்கு அனுப்புறேன்னு நெனச்சிட்டிருக்காரு.” குரலைத் தாழ்த்தி, “வழியில எதாச்சும் ஆச்சுன்னா, காதுல கலிமா சொல்லணும். உங்களுக்கு...” என்று நிறுத்தினான். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஆனால் வேலூர் வார்டில் எத்தனையோ ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் கட்டிலைச் சுற்றி அவர்கள் வீட்டார் நின்று அந்தக் கடைசி நேர வாசகத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லிக் காட்டினேன். அவன் ஓர் எழுத்தை மட்டும் திருத்தினான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

விமானம் புத்தம் புதியது. உள்ளே நுழைந்ததும் புது ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. முன்பகுதியில் ஒவ்வோர் இருக்கையும் முட்டை ஓட்டை வெட்டி வைத்ததுபோல் தனித்தனிக் கூட்டுக்குள் இருந்தது. கையருகே ஒரு பலகையில் பொத்தான்கள்; உட்கார்ந்த மனிதன், சாய்ந்த மனிதன், படுத்த மனிதன் என்று சின்னச் சின்னப் படங்கள். கரீம் பாய்க்கு ஜன்னலோரம், எனக்கு நடைபாதைப் பக்கம். இருவருக்கும் நடுவில் மங்கிய கண்ணாடிபோல் ஒரு தடுப்பு. தலைசாய்க்கும் இடத்தைத் தடவிப் பார்த்தார் பாய். “தோலுதான் சிஸ்டர்” என்றார். நம்மூர்த் தோலாக இருக்குமோ என்று கேட்டேன். “யாரு கண்டா? சாயம் ஏறிட்டா எல்லாத் தோலும் ஒண்ணுதான்” என்று சிரித்தார். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

விமானப் பணிப்பெண் நல்ல பெண். மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேராக வந்து, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டாள். “சாதா தண்ணி” என்றார் பாய். அவள் தலையாட்டிவிட்டுப் போய், நுரை பொங்கும் சோடாவை நீளமான கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. “இன்னா சிஸ்டர், தண்ணிகூட கடிக்குது இங்க” என்றார். நான் போய்ச் சாதாரணத் தண்ணீர் வாங்கி வந்து பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

பொத்தானை அழுத்தினேன். இருக்கை மெல்ல முனகிக்கொண்டு நீண்டது. விளம்பரப் படங்களில் பார்க்கும்போது அது முழுப் படுக்கை. நர்ஸின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது, அது சமமாக இல்லை. தலைப்பக்கம் உயர்ந்து, கால்பக்கம் தாழ்ந்து, மொத்தமும் ஒரு சரிவு. களைத்துப்போன வியாபாரி ஒருவர் அதில் கொஞ்சம் கண்ணயரலாம். உடம்பில் பிடிமானமே இல்லாத ஒருவரைப் படுக்க வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போவார். பாயும் வழுக்கிக்கொண்டு போனார். போர்வைகளைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். கால் வைக்க முன்னிருக்கையின் அடியில் ஒரு பொந்து விட்டிருந்தார்கள். அவருடைய வீங்கிய பாதங்கள் அதற்குள் நுழையவில்லை. ஒரு காலை மட்டும் நுழைத்து மற்றதைத் தலையணை மேல் வைத்தேன். சலைன் பையைத் தொங்கவிட இடமில்லை. கோட்டு மாட்டுகிற கொக்கியில் கட்டினேன். “சரிவா இருக்குதும்மா. பாலாத்துல எறங்கற மாதிரி” என்றார். சிஸ்டர் போய் அம்மா ஆகியிருந்தேன்.

பெரிய தொல்லை அந்தத் தடுப்புதான். என் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் மார்பு ஏறி இறங்குவது தெரியவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுத் தடுப்பைக் காட்டி, இதனால் சிரமமாக இருக்கிறது என்றேன். அவள் புரிந்துகொண்ட பாவனையில் கண்களைத் தாழ்த்தி, குனிந்து, தடுப்பை இன்னும் மேலே இழுத்து முழுவதுமாக மூடிவிட்டாள். “இப்போது பரவாயில்லையா? வேண்டுமென்றால் பின்னால் ஒரு தனி இடம் இருக்கிறது” என்று ரகசியமாகக் கேட்டாள். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க விரும்புகிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை, எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் குழம்பிப்போய் மன்னிப்புக் கேட்டாள். தடுப்பை எவ்வளவு இறக்கினாலும் தோள் உயரத்துக்கு நின்றது. அதைக் கழற்றும்படி யாரும் செய்து வைக்கவில்லை. கடைசியில் என் இருக்கை மேல் முழங்கால் போட்டு நின்று, தடுப்பின் மேல் குனிந்துகொண்டே பாதி ஆகாயத்தைக் கடந்தேன்.

எங்கள் வேலூர் வார்டு நினைவுக்கு வந்தது. ஒரு கட்டிலைச் சுற்றி நாலு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருவர் பாய் விரித்துத் தூங்குவார். பக்கத்துக் கட்டில்காரரின் கஞ்சியை இந்தக் கட்டில்காரருக்கும் ஊற்றுவார்கள். விசிட்டர் நேரம் முடிந்துவிட்டது, வெளியே போங்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டும். இவர்களுக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது என்று சலித்துக்கொண்ட நாள்கள் உண்டு. இங்கே அதன் அருமை தெரிந்தவர்கள், காசு கொடுத்து அதை வாங்கக்கூடியவர்கள், அவரவர் கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குகளை அணைத்து, ஜன்னல் மூடிகளை இறக்கியிருந்தார்கள். ஒருவர் செத்துக்கொண்டிருப்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருக்கும்படிதான் அந்த அறையைச் செய்திருந்தார்கள்.

வலிக்கு ஊசி போட்டபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “உண்மையச் சொல்லும்மா. ஊர்ல போய் நல்லாயிடுமா?”

மகன் கேட்டுக்கொண்டது என் காதில் இருந்தது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல வரவில்லை. “ஊருக்குப் போறோம் பாய். உங்க சம்சாரம் காத்துட்டிருக்காங்க” என்றேன்.

“புரியுது” என்றார். என் மணிக்கட்டை விட்டுவிட்டு, “இம்தியாஸ்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதே. பேஜார் படுவான்” என்றார்.

அதன்பிறகு ஆம்பூர் வந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டார். மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போனபோது, வேலூரில் பலமுறை பார்த்த அந்த மாற்றம் எனக்குத் தெரிந்துவிட்டது. தடுப்பின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து, அவர் காதில் வாயை வைத்து, இம்தியாஸ் திருத்திய எழுத்தோடு கலிமாவைச் சொன்னேன். லா இலாஹ இல்லல்லாஹ். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. கூடச் சொன்னாரா, மூச்சுக்குத் தவித்தாரா, எனக்குத் தெரியாது. சொன்னார் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூச்சு நின்றபோது சென்னை நெருங்கிக்கொண்டிருந்தது. பணியாளர்களின் தலைவர் வந்து, பாயின் நாடியைப் பார்த்து, கண்களை மூடிவிட்டு, வருந்துவதாகச் சொன்னார். தரையில் மருத்துவர் வந்து சொல்லும்வரை இவர் பயணிதான் என்றார். பயணி என்றால் விமானம் இறங்கும்போது இருக்கை நிமிர்ந்திருக்க வேண்டும். படுக்க வைத்தபடியே விடுங்கள் என்று மன்றாடினேன். அது விதி, மன்னியுங்கள் என்றார். பொத்தானை அழுத்தினார், பாதி தூரம் எழுந்து இருக்கை நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார், புது இயந்திரம் முனகியதே தவிர அசையவில்லை. கடைசியில் அடியில் இருந்த ஒரு பிடியை இழுத்து, இரண்டு பேர் சேர்ந்து கையால் தள்ளி நிமிர்த்தினார்கள். பெல்ட் போட்டு, கழுத்துவரை போர்வை போர்த்தினார்கள். தலை முன்னால் சாய்ந்தது. எனக்கும் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே தடுப்பைச் சுற்றிக் கையை நீட்டி, நெற்றியில் உள்ளங்கையை வைத்து அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் தரையைத் தொட்டபோது அந்தத் தலையின் முழுக் கனமும் என் கையில் வந்து விழுந்தது.

விமான நிலையத்துச் சடங்குகள் முடிய வெயில் ஏறிவிட்டது. இம்தியாஸுக்கு அங்கிருந்தே செய்தி சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸில் அவரோடு ஏறினேன். ராணிப்பேட்டை தாண்டி, வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரி வந்தது. எங்கள் வீட்டுத் தெரு அங்கேதான் பிரிகிறது. நான் வருவது அம்மாவுக்குத் தெரியாது. பாயை ஒப்படைத்துவிட்டுத் திரும்புகையில் திடீரென்று போய் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. தெரு வந்தது, போயிற்று.

ஆம்பூரில் வீட்டு வாசலில் கூட்டம். பாயின் மனைவி நூர்ஜஹான் அம்மாள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அழாமல், என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். “அங்க போம்போது உக்காந்துட்டே போனாரும்மா. கால் மரத்துப் போச்சுன்னு போன்ல சொன்னாரு. இந்தத் தபா கால் நீட்டிப் படுக்க எடம் இருந்திச்சா?”

“இருந்துச்சும்மா. படுத்துட்டுத்தான் வந்தாரு.”

“அது போதும்” என்றார். அப்போதுதான் அழுதார். சரிவைப் பற்றியும், பிடியை இழுத்து நிமிர்த்தியதைப் பற்றியும் நான் இதுவரை அந்தக் குடும்பத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பாகக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கிய நேரம் வீட்டு செல்போன் அடித்தது. இம்தியாஸ். நூர்ஜஹான் அம்மாளால் பேச முடியவில்லை. யாரோ போனை என் கையில் திணித்தார்கள். பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. நான் வாசற்படியில் நின்றேன்.

“தூக்கிட்டாங்களா சிஸ்டர்?”

“தூக்கிட்டாங்கப்பா.”

“முன்னாடி யாரு புடிச்சிருக்காங்க?”

“எனக்கு ஆள் தெரியலயே. ஒருத்தர் வெள்ளைத் தாடி. இந்தப் பக்கம் நெட்டையா ஒரு பையன்.”

“மாமா பையன். அது என் எடம்” என்றான். பிறகு, “இப்போ எங்க?”

“டெய்லர் கடைகிட்ட.”

“அங்க சாக்கடை மேல பலகை ஆடும். பாத்துப் போகச் சொல்லுங்க.”

நான் கத்தினாலும் அவர்களுக்குக் கேட்கிற தூரம் இல்லை. “சொல்றேன்” என்றேன்.

அவன் பக்கத்தில் ஒலிபெருக்கி இரைந்தது. கிடங்கில் யாரோ ஆங்கிலத்தில் அவன் பெயரைத் தப்பாக உச்சரித்து, உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. என் மறு காதில், தூக்கிப் போனவர்கள் சொல்லிக்கொண்டிருந்த கலிமா தெரு முனையில் திரும்பி, மெலிந்துகொண்டே போனது.

“இப்போ சிஸ்டர்?”

தெருவில் யாரும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தச் சத்தம் போன திசையில், கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.