மாங்கனி லீவு

ஆரிபா போனில் பேசும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். போனை முக்காட்டுக்குள் செருகி, தலையைச் சற்றே சாய்த்து, வலது கை ஆள்காட்டி விரலால் சுவரைச் சுரண்டத் தொடங்குவாள். பேச்சு சாதாரணமாகப் போனால் நகம் மேலோட்டமாக உரசும். எதிர்முனையில் இருப்பவர் பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க என்று இழுத்தால் சுண்ணாம்பு உதிரும். எங்கள் தெருவில் அவள் தோள் உயரத்தில் சிறு பள்ளம் விழாத சுவர் குறைவு. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது தெருவிளக்குக்காக விழுந்தது.

அந்த விளக்கு மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தது. மனு கொடுத்தும் போன் போட்டும் சலித்துப்போய், ஒருநாள் சாயங்காலம் தெருப் பிள்ளைகளைப் புத்தகப் பையோடு கூட்டிக்கொண்டு போய், விளக்குக்குப் பொறுப்பான அலுவலகத்தின் வாசலில் உட்காரவைத்தாள். காவலாளி எழுப்பப் பார்த்தார். "இங்க வெளிச்சம் நல்லா இருக்குங்க, படிச்சுட்டுப் போயிடுறோம்" என்றாள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் மட்டும் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டது. அந்த வாரமே எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது.

அதன் பிறகு தெருவுக்கு அவள்தான் எல்லாம். அவளுடைய வாப்பா நூர் அகமது நடத்தும் ரீசார்ஜ் கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அதில் வந்து உட்காருவார்கள். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, கடைசித் தேதி எது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டாக்சி ஓட்டும் மாறன் அவளைக் கலெக்டரம்மா என்று கேலி செய்வார். அவளோ வக்கீல் ஆக ஆசைப்பட்டாள். கெஞ்சிக் கேட்பது போதும், இனி சட்டத்தைக் காட்டிக் கேட்க வேண்டும் என்பாள்.

போன வருடம் வாப்பா மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டதில் அவள் படிப்பு நின்றுபோனது. இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்தாள். வாப்பா ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் தங்கை நௌஷினுக்கு முறை. இரண்டு பெண்களையும் ஒன்றாக வெளியூரில் தங்கவைக்கத் தன்னால் ஆகாது. ஆக, ஆரிபாவுக்கு இந்த ஒரு வருடம்தான்.

இடம் கிடைத்தது. பாண்டியில் ஒரு சட்டக் கல்லூரி, காரைக்கால் பகுதிக்கு ஒதுக்கியதில் கடைசி இடம். அவளுக்கு அடுத்து, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்றது நெரவியைச் சேர்ந்த கீர்த்திகா. அவளுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது ஆரிபாதான். "நீ போகலன்னா சொல்லுடி, பெட்டியத் தூக்கிட்டு நான் கிளம்பிடுறேன்" என்று கீர்த்திகா பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆரிபாவும் சிரித்தாள். நான் எதிர்வீட்டு வாசற்படியில் ஏதோ கவிதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் இருந்தேன்.

மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தது திங்கட்கிழமை சாயங்காலம். கல்லூரியில் நேரில் சேரக் கடைசி நாள் செவ்வாய், ஐந்து மணிவரை. அந்தச் செவ்வாய்தான் மாங்கனித் திருவிழா.

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாங்கனிக்கு லீவு, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கு லீவு. பள்ளிக்கூடம் இருக்காது, ஆபீஸ் இருக்காது. பால்வாடியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கடைசித் தேதி லீவில் வந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும் என்று ஆரிபா சொன்னபோது பெஞ்சில் இருந்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வாப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போவதாக முடிவாயிற்று. செவ்வாயன்று வழக்கம்போல எங்கள் தெருப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பந்தல்.

பவழக்கால் சப்பரத்தில் சிவன் பிச்சாண்டவர் கோலத்தில் வந்துகொண்டிருந்தார். நேர்த்திக்கடனாக மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்தன. கூட்டம் கைகளை உயர்த்தி அலைந்தது. பிடிபடாத பழங்கள் காலடியில் நசுங்கி, தெருவெல்லாம் வழுக்கியது. ஆரிபா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு டம்ளர் டம்ளராக நீட்டிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பழம் விழுந்து உடைந்து சாறு வழிந்திருந்தது.

மதியம் ஒரு மணி வாக்கில் மாறன் வந்தார். அதிகாலையில் பாண்டிக்குச் சவாரி போய்த் திரும்பியிருந்தார். ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நமக்கு மட்டுந்தான் கலெக்டரம்மா கொண்டாட்டம். பாண்டிக்காரன் பாவம், ஆபீஸ் திறந்து வேலை பாத்துக்கிட்டு இருக்கான்."

டம்ளர் அவள் கையில் அப்படியே நின்றது.

"எல்லா ஆபீசுமா?"

"பின்ன? மாங்கனி நம்ம ஊருக்குத்தானே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. மெதுவாக, தண்ணீர் சிந்தாமல் வைத்தாள். பிறகு ஓடினாள்.

நௌஷின் சான்றிதழ் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நீந்தி வந்தாள். "லாத்தா, லாத்தா" என்று அக்காவை அவள் கூப்பிட்டது மேளச் சத்தத்தில் அமுங்கிப்போனது. வாப்பா ஊன்றுகோலோடு கடை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் கூடப் போப்பா" என்றார். மாறன் சோறுகூடத் தின்னாமல் வண்டியைத் திருப்பினார்.

ஊரை விட்டு வெளியேறுவதற்கே நேரம் போய்விட்டது. சாமி வரும் தெருக்களை அடைத்திருந்தார்கள். சுற்றினோம், முட்டினோம், பின்னால் வந்தோம். ஊர் எல்லையில் பூவத்தைத் தாண்டிய பிறகுதான் வண்டி ஓடியது. ஆரிபா கல்லூரி எண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சுரண்டச் சுவர் இல்லை. கண்ணாடியில் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

சீர்காழி, சிதம்பரம் கடந்தோம். கடலூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். மாறன் இறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நேத்து ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. தாங்க முடியாமல்தான் சொன்னார்.

"எல்லாருக்கும் தேதி சொன்னவ நான்" என்றாள் ஆரிபா. "நான் யாரக் கேக்குறது மாறண்ணே?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிக்கதவு பாதி சாத்தியிருந்தது. ஐந்து மணி எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு எழுத்தர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். ஆரிபா அவர் எதிரே போய் நின்றாள். அவரிடம் கோபமில்லை. நின்று கேட்டார்.

"காலையிலேயே வந்திருக்கலாமேம்மா."

"லீவுன்னு நெனச்சுட்டேன் சார்."

"இன்னைக்கு என்ன லீவு?"

"மாங்கனி."

அவர் சிரிக்கவில்லை. அவள் தோளில் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்த கறையைப் பார்த்தார். அது உங்கள் ஊருக்கு மட்டும்தானேம்மா என்றார். சேர்ந்தவர்களின் பட்டியல் மேலே போய்விட்டது, இனித் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். காலியான இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போகும், அவர் நாளை மதியத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் காரைக்கால் இடமாகவே அது இருக்காது, பொதுவில் கலந்துவிடும். அவள் காலில் விழப்போனாள். அவர் பதறிப் பின்வாங்கி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நாள் முழுக்க ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் போன பிறகு அவள் சைக்கிள் நிறுத்தத்தின் ஓரம் போனாள். போனை முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். விரல் அசைந்தது. வாப்பாவிடம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் மாறனும் தள்ளியே நின்றோம். சீக்கிரம் முடித்துவிட்டு வந்து காரின் பின்சீட்டில் ஏறி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடலூர் வருவதற்குள் என் போன் அடித்தது. வாப்பா. "என்னாச்சு தம்பி, அவ எடுக்கவே மாட்டேங்குறா" என்றார். அப்படியானால் அங்கே நின்று யாரிடம் பேசினாள் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. கிடைக்கவில்லை என்று மட்டும் வாப்பாவிடம் சொன்னேன். பின்சீட்டில் அவள் அழுதாள் என்று எழுதினால் அது பொய். கண்ணை மூடாமல், சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, ஊர்வரைக்கும் அப்படியே வந்தாள்.

அதன் பிறகு பெஞ்சைக் கடைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆரிபா கல்லாவில் உட்கார்ந்து ரீசார்ஜ் செய்கிறாள். ஒரு பையன் வந்து பாலிடெக்னிக் கடைசித் தேதி கேட்டபோது, நான் அங்கே நின்றிருந்தேன். "ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டுக்கடா, நான் சொல்றத நம்பாத" என்றாள். தெருவிளக்கு போன மாதத்திலிருந்து மறுபடி எரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் புதிதாகப் பள்ளம் ஒன்றும் விழவில்லை. ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பழைய பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் அதில் நுழையவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த கீர்த்திகாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சட்டக் கல்லூரியின் பெயர் போட்ட பை வைத்திருந்தாள். தான் கூப்பிட்டால் ஆரிபா எடுப்பதே இல்லை என்று வருத்தப்பட்டாள். பிறகுதான் சொன்னாள். மாங்கனியன்று சாயங்காலம் ஆரிபா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள்: "டீசி கையில இருக்குல்ல? காலைல முதல் பஸ்ஸப் பிடி. மதியத்துக்குள்ள இங்க இருக்கணும். நாளைக்கு எங்கயும் லீவு இல்ல." கூடுதலாக ஓர் இடம் விழுந்திருக்கிறது என்று கீர்த்திகா அப்போது நினைத்திருக்கிறாள். சந்தோஷத்தில், நீ சேர்ந்தாச்சாடி என்று கேட்டாளாம்.

"காலேஜ்லதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆரிபா போனை வைத்திருக்கிறாள்.