பீரோவுக்குள் இருந்த சாக்கெட் செட்

விலை ஜாஸ்தியான டூல்ஸ் வாங்கலாமா, வேண்டாமா என்று மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். முதல் இருபது வருஷத்தில் கேட்டிருந்தால், “இன்னாத்துக்குத் தண்டச் செலவு?” என்றுதான் சொல்லியிருப்பேன்.

காரணம் இருந்தது. டேனரியில் எங்கே பார்த்தாலும் உப்பு, ஆசிட், ஈரம். ஸ்டோரில் கொடுக்கிற ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் செம்மண் பூசியது போலக் கிடக்கும். எப்படியும் துருப்பிடிக்கப் போகிற சாமான், இருப்பதிலேயே கம்மி விலையில் வாங்கு என்பது எங்கள் டிபார்ட்மென்ட்டின் எழுதாத சட்டம்.

அப்படிப்பட்ட நான் ஒரு வருஷம் போனஸ் கையில் இருந்த திமிரில், சென்னையில் ஒரு கடையில், போல்ட் தலையில் தொப்பி போல மாட்டித் திருப்புகிற நல்ல சாக்கெட் செட் ஒன்றை வாங்கிவிட்டேன். அதன் கைப்பிடியான ராட்செட்டைத் திருப்பினால் சத்தமே வரவில்லை, அதில் மயங்கியதுதான். வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். என் மனைவி கலாவதி ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். அவள் நம்பவில்லை.

வாங்கினேனே தவிர, வேலைக்கு எடுத்துப் போக மனசு வரவில்லை. உப்புத் தண்ணீர் படுமே! பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் டேனரிக்குக் கொண்டு போவேன். எல்லா சாக்கெட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். பொரி சாப்பிட்டு முடித்ததும் துடைத்து மறுபடி பீரோ. “என் நகைகூட அடகுக்கடை வரைக்கும் போய் வந்துச்சு. இது எங்கயும் போவல” என்பாள் கலாவதி.

ஐந்தாறு வருஷம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவசர ஆர்டருக்காக டேனரி ஓடிக்கொண்டிருந்தது. தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டையிங் டிரம் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. உள்ளே ஆட்டுத்தோல் லாட், சாயம் ஊற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிரம் சுற்றாமல் நின்றால் அடியில் இருக்கும் தோல் சாயத்தை ஜாஸ்தி குடிக்கும், மேலே இருப்பது வெளுத்துப் போகும். திட்டுத் திட்டான தோலை எந்த ஷூ கம்பெனியும் எடுக்காது.

டிரம் மாஸ்டர் பஷீர் பாய் என் தோஸ்த். அன்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போன மாசம்தான் அவர் கையில் ஒரு லாட் திட்டாகிப் போயிருந்தது.

“இன்னொரு லாட் போச்சுன்னா நாளைக்கி வரவேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல என் கையில இல்லப்பா” என்றார்.

டிரம்மைச் சுற்ற வைக்கும் ஷாஃப்டில் பேரிங் ஜாம். புது பேரிங் ஸ்டோரில் இருந்தது. மூடியில் இருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றினால் மாற்றிவிடலாம். மூன்று வந்துவிட்டது. சுவர் ஓரத்தில் இருந்த நாலாவது துருப்பிடித்து அசையவில்லை. ஸ்டோர் சாக்கெட் தடிமனானது, போல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் இறங்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓப்பன் ஸ்பேனரை மாட்டி, பிடியில் பைப்பைச் சொருகித் தொங்கினேன். எங்கள் ஊர் ஃபிட்டர் எல்லாரும் செய்வதுதான். ஸ்பேனர் வாயைப் பிளந்தது. போல்ட் தலையின் மூலையெல்லாம் மழுங்கியது. என் கைமுட்டி சுவரில் மோதித் தோல் உரிந்தது.

போல்ட்டை அறுத்து எடுக்கலாம் என்றால் கிரைண்டர் அந்தச் சந்துக்குள் போகாது. மரத்தில் செய்த டிரம் என்பதால் பக்கத்தில் நெருப்பு வைத்து காஸ் கட்டிங் போட முடியாது. பஷீர் பாய் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன். அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

“கலா, அந்த செட்டை எடுத்துனு உடனே வா.”

“இன்னிக்கி ஆயுத பூஜை இல்லியே?”

விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டியில் கேட்டுக்கு வந்துவிட்டாள். வேட்டி மூட்டையைக் கையில் கொடுத்து, “பூஜை பண்ணது போதும். இன்னிக்கி வேலை வாங்கு” என்றாள்.

இருபத்து நாலு சைஸ் சாக்கெட்டில் பழைய குங்குமம் ஒட்டியிருந்தது. சாக்கெட்டின் ஓரம் மெல்லியது, ஆனால் இரும்பு அவ்வளவு கெட்டி. சந்துக்குள் இறங்கியது. போல்ட் தலையில் உட்கார்ந்தபோது ஒரு மில்லிமீட்டர்கூட ஆடவில்லை. மழுங்கிய மூலைகளை விட்டுவிட்டு, போல்ட்டின் தட்டையான ஆறு பக்கத்தையும் அது கவ்வியது. எக்ஸ்டென்ஷன் மாட்டி நீளக் கம்பியைப் பிடித்தேன். மூச்சைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

சாக்கெட் வெடித்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் போல்ட் திரும்பியிருந்தது! சாக்கெட்டை வெளியே எடுத்து விரலால் தடவினேன். ஒரு கீறல் இல்லை. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து, மழுங்கிப்போன போல்ட்டையும் யோசித்து இதைச் செய்திருக்கிறானே என்று அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பஷீர் பாய் உலுக்கிய பிறகுதான் பேரிங் ஞாபகம் வந்தது.

டிரம் சுற்றியது. சாயம் முடிந்து கதவைத் திறந்து, அடியிலிருந்து ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாகத் தோலை இழுத்து, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார் பாய். ஒரே கலர். அவர் என்னைக் கட்டிக்கொண்டபோது சட்டையெல்லாம் சாயம்.

இப்போது கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். சுத்தியும் உளியும் எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கு. போல்ட் தலையைப் பிடிக்கிற டூலில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. வாங்கினால் எடுத்து வேலை செய். சாயந்திரம் துடைத்து எண்ணெய் போட இரண்டு நிமிஷம் போதும். ஸ்பேனரில் மிச்சம் பிடித்து ஒரு மனுஷனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் சொல்கிறேன்.

அதன் பிறகு அந்த செட் பீரோவுக்குத் திரும்பவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டூல்ஸை வரிசையாக அடுக்கினோம். என் செட் பளபளப்புக் குறைந்து, ஓரத்தில் உப்புக் கறையோடு இருந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். எப்போதும் பொரி வாங்க மட்டும் வருகிற பஷீர் பாய் அன்று சீக்கிரமே வந்து நின்றார்.

“அந்த இருபத்து நாலு எங்கப்பா?” என்றார். “மொதல்ல அதுக்கு வை.”