செவலை கொடுக்காத கால்

1. முதல் நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாமக்கல் பக்கம் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஹைஸ்கூல் பையன்களுக்குக் குதிரை வளர்ப்பு சொல்லித்தர மாந்தோப்பு ஒன்றில் பத்து நாள் கேம்ப் போட்டோம். பாடத்துக்கு இருந்தது ஒரே குதிரை, செவலை. நான்கு வருஷம் ஊர் ஊராக என்னைச் சுமந்த பெட்டை. முழங்காலுக்குக் கீழே விரல் பட்டால் போதும், காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைப்பாள். அந்தக் கனத்துக்காகவே தேவையில்லாத நாளிலும் குளம்பு பார்ப்பேன்.

முதல் நாளே எனக்குப் புத்தி கெட்டுப்போனது. "லாடம் அடிக்கோணும் கண்ணுகளா, தயார் பண்ணி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு, ஆணி வாங்கக் கொல்லன் பட்டறைக்குப் போய்விட்டேன். எல்லாரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். காளைக்கு லாடம் அடிப்பதென்றால் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். செவலைக்கும் அதையே செய்திருந்தார்கள். நான் வந்தபோது மண்ணில் கிடந்து உதறிக்கொண்டிருந்தாள்.

"தயாருங்க சார்" என்றான் கயிறு போட்ட நாச்சிமுத்து. முகமெல்லாம் பெருமை.

எல்லாரையும் விலகச் சொன்னேன். கயிற்றை அறுப்பதற்காக அவள் முன்னங்காலை முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தது நான்தான்.

2. பத்தாம் நாள்

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் நான் தொட்டால் காலை ஊன்றியபடியே நிற்பாள். வெல்லம் கொடுத்தும் மசியவில்லை. கேம்ப் முடிந்த மறுநாளே நான் கெங்கவல்லிக்கு மாற்றலில் போகவேண்டும். அவள் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாள். அதற்குள் ஒரு தடவையாவது காலைக் கொடுத்துவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

நாச்சிமுத்து தினமும் விடிந்ததும் வந்து அவள் கழுத்தைத் தேய்த்துவிடுவான். காலைப் பிடித்து இழுக்காதே, தொட்டுவிட்டுச் சும்மா நில் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். பத்தாம் நாள் காலையில் தொட்டான். தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"குடுத்துருச்சுங்க சார்" என்றான் மெதுவாக. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒருக்கா தொட்டுப் பாருங்க" என்று இடம் விட்டான்.

தொட்டேன். காலைக் கீழே ஊன்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடத்திய எந்தக் கேம்பிலும், முதலில் நானே ஒரு காலைத் தூக்கிக் காட்டாமல் பையன்களைக் குதிரையின் பக்கம் விட்டதில்லை. எத்தனையோ குதிரைகள் எனக்குக் கால் கொடுத்தன. நான் கேட்டதெல்லாம் செவலையின் காலைத்தான்.