அவர் டீசல் வேண்டாம் என்ற நாள்

டீசல் வாசனை என்றால் எனக்கு எங்க வீட்டுக்காரரின் யூனிஃபார்ம் சட்டைதான். எவ்வளவு அலசினாலும் காலரில் இருந்து போகாது. வெந்நீரில் ஊறப் போட்டால் குப்பென்று மேலே ஏறும்...

அவர் பெயர் சார்லஸ். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டீசல் இஞ்சின் டெஸ்டிங். லைனில் இருந்து வருகிற இஞ்சினை ஓட விட்டு, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலை.

போன மழைக்காலத்தில், நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கிய கதையைச் சொல்கிறேன்.

அப்போது நானும் வண்டிகளுக்கு வயர் கோர்க்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட். மண்ணூர் வீட்டில் அவர் நுழையும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன்.

எப்போதாவது சேர்ந்து உட்கார்ந்தால் நான் பேசுவேன். ஃபேன் ஓடும், டிவி ஓடும், அவர் "ம்" என்பார். பொண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் "ம்". தெருவில் ஒருத்தர் செத்துப்போனார் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே "ம்".

இவருக்கு நான் சலித்துப்போய்விட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் கார் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பைக்கில் காற்று அடிக்கும், ஹெல்மெட் வேறு. காரில் என்றால் வாலாஜாபாத் அம்மா வீட்டுக்குப் போகிற வழியிலாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அப்போதும் "ம்" என்றால்... தெரிந்துபோகும்.

டீசலா பெட்ரோலா என்று யாரும் யோசிக்கவே இல்லை. எங்க அண்ணன் ஜான் டாக்ஸி ஓட்டுகிறவர்.

"மாப்ள, டீசல்தான். மைலேஜ் பிச்சிக்கும். இஞ்சின் செய்யற உனுக்கே நான் சொல்லணுமா?"

இவரும் தலையாட்டினார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் டீசல்தான் வைத்திருந்தார்கள்.

தண்டலம் தாண்டி ஒரு ஷோரூம். ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் டீசல். நான் முன்னால், அண்ணன் பின்னால்.

"சீட்டு நல்லா கீதுங்க."

"ம்."

"பாப்பா பின்னாடி படுத்துக்கலாம், இல்ல?"

"ம்."

எனக்கு மனசு விட்டுப்போச்சு. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து பெட்ரோல். "அத நான் இன்னாத்துக்கு பாக்கணும், போய்னு வாங்க" என்று அண்ணன் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் ஒரு சுற்று போய்விட்டு வந்தோம். ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன். "உங்களுக்கு நான் இருந்தா இன்னா, செத்தா இன்னா..."

"ஏன் லில்லி அப்படி சொல்ற?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. திரும்பினால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். கண்ணெல்லாம் தண்ணி.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சே... நல்லா கேட்டுச்சே."

உள்ளே போய், "பெட்ரோல் வண்டியே போட்டுடுங்க" என்றார். அண்ணன் கையில் இருந்த டீ தளும்பியது.

"இன்னா மாப்ள, ஷோக்கு காட்றியா? டீசல் இஞ்சின் செய்யறவன் பெட்ரோல் வண்டில போனா கம்பெனி கேட்டாண்டயே கை கொட்டி சிரிப்பானுங்க!"

"சிரிக்கட்டும் மச்சான்."



வீட்டுக்கு வந்ததும் டிவியை அணைத்துவிட்டு என்னை எதிரில் உட்காரச் சொன்னார்.

"டெஸ்டிங்ல காதுக்கு பிளக் குடுப்பான் லில்லி. அத வெச்சா, இஞ்சின்ல டிக் டிக்னு சின்னதா ஒரு சத்தம் வரும், அது காதுல மாட்டாது. வுட்டுட்டா இஞ்சின் திரும்பி வந்துடும். அதனால கழட்டி பாக்கெட்ல போட்டுப்போம். எல்லாருந்தான்... இப்ப சுத்தி எது ஓடுனாலும் உன் வாய் அசையறதுதான் தெரியுது. நீ இன்னா சொல்றன்னு தெரியாம ம்னு சொல்லிகினு இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா டாக்டராண்ட இஸ்துகினு போவ. கம்பெனிக்கு தெரிஞ்சா? காது கேக்காதவனுக்கு டெஸ்டிங்ல இன்னா வேல?"

எத்தனை நாள் அந்த "ம்"மை நினைத்து அழுதிருக்கிறேன்... அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் போட்டுப் பேசப் பழகினேன். காரில் ஏறினால் போதும், கண்ணாடியை ஏற்றிவிடுவார். நான் ஆரம்பித்தால் வாலாஜாபாத் வரைக்கும் நிறுத்த மாட்டேன்.

"நீ இவ்ளோ பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா டீசலே எடுத்திருப்பேன்டி" என்பார்.

இப்போது சின்ன காரில் டீசலே வருவதில்லையாம். மைலேஜ் மைலேஜ் என்று குதித்த அண்ணனே கரண்டில் ஓடுகிற வண்டி எடுத்துவிட்டார். போன வாரம் என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனார். எங்க வீட்டுக்காரர் போன பிறகு நான் காரில் ஏறியது அன்றைக்குத்தான். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. அப்படி ஒரு அமைதி.

வழியில் பூக்கடையைப் பார்த்தேன். "அண்ணே, அங்க நிறுத்து" என்றேன்.

அண்ணன் பதறிப்போய் பிரேக் அடித்தார்.

"இன்னா லில்லி, ஏன் இப்டி கத்தற? பக்கத்துலதான கீறேன்!"

நான் கத்தினேனா... எனக்கே திக்கென்று இருந்தது.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. தொண்டை இன்னும் அவரிடம்தான் பேசுகிறது.