கீழே ஆள் இல்லாத கிரேன்

அந்த இரும்புப் பட்டறையில் பெருக்கித் துடைத்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. நாள் முழுக்கக் குனிந்தே கிடந்தவளுக்கு ஆசை மட்டும் அண்ணாந்து இருந்தது: கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் கிரேன் பழகலாம் என்று கம்பெனி சொன்ன அன்றே முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டாள். தேறாவிட்டால் மறுபடி விளக்குமாறுதான், வேறென்ன!

பழக நிஜக் கிரேனைத் தரவில்லை. வி.ஆர். பெட்டி ஒன்றைக் கண்ணை மறைக்கும்படி தலையில் மாட்டி, கையில் இரண்டு பிடிகளைக் கொடுத்து, காலி அறையில் உட்கார வைத்தார்கள். உள்ளே பார்த்தால் பட்டறையேதான்! தூண், சங்கிலி, இரும்புத் தகடு எல்லாம் அச்சு அசல். முதல் நாள் தலை கிறுகிறுத்து, அங்கே இல்லாத கம்பியைப் பிடிக்கப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சிரிக்காதவர் பாக்கியில்லை. அப்புறம் கை படிந்துவிட்டது. முட்டையை வைப்பதுபோல் தகட்டைத் தரையில் போட்ட கோட்டுக்குள் இறக்கினாள். எல்லோரையும்விட மார்க் அவளுக்குத்தான் அதிகம்.

அவள் வீட்டுக்காரருக்கும் அதே பட்டறையில்தான் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, தகட்டில் கொக்கி மாட்டிச் சங்கிலியை நேராக்கி விடுவார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா" என்று சீண்டுவார்.

"வயிறு ரொம்ப எரிஞ்சா மோர் குடிங்க" என்பாள் இவள்.

பரீட்சை நிஜக் கிரேனில். அன்று கீழே அவரே வந்து நின்றார். மேனேஜர் தள்ளி நின்று, தகடு இறங்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி மாட்டியதுதான் தாமதம், அவள் தூக்கிவிட்டாள். ஹார்ன் அடிக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் கீழே இருப்பவர் கையை எடுப்பார். பெட்டிக்குள்ளும் ஹார்ன் பட்டன் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் தெரிந்த பட்டறையில் ஈ காக்கா கிடையாது. யாருக்காக அமுக்குவது? அமுக்காமலே முதல் மார்க் வாங்கிய கை அது.

சங்கிலி விறைத்தது. அவர் வெடுக்கென்று கையை இழுத்தார். கையுறை கிழிந்து கீழே விழுந்தது. தகடு போய்க் கோட்டுக்குள் கச்சிதமாக இறங்க, மேனேஜர் கை தட்டினார்.

"சார், ஹார்ன் அடிக்கலை" என்றார் கட்டிய கணவர்.

தேறவில்லை.

வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "ஊரான் சொல்லியிருந்தா பொறுத்துக்குவேன். நீங்களே காட்டிக் குடுத்தீங்களே! ஒரு வார்த்தையை முழுங்கினா தொண்டை அடைச்சிருமா?"

அவர் கிழிந்த கையுறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "உன் அவசரம் எனக்குத் தெரியும், தப்பிச்சேன். நாளைக்கு நான் லீவு போட்டா அங்க வேற ஒருத்தன் நிப்பான். அவன் பொண்டாட்டிகிட்ட போய் நீ என்ன சொல்லுவே?"

அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள், பெட்டியை இயக்கும் இன்ஜினியரிடம் போய் நின்றாள். "உள்ள கீழ ஒரு ஆளை நிறுத்துங்க சார்."

"நிறுத்திடலாம்க்கா. மூஞ்சி எப்படி வேணும்?" என்று சிரித்தார்.

"எனக்கு எங்க வீட்டுக்காரர் மூஞ்சி. கத்துக்க வர்ற மத்தவங்களுக்கு அவங்கவங்க வீட்டு ஆளு மூஞ்சி."

அதெல்லாம் முடியவில்லை. ஹெல்மெட் போட்ட பொம்மை ஒன்றை நிறுத்தினார்கள். அவள் அதற்கு விடாமல் ஹார்ன் அடித்தாள்.

இரண்டாம் பரீட்சையிலும் கீழே அவர்தான். ஹார்ன் அடித்தாள், அவர் விலகினார். அவள் தூக்கவில்லை. "என்னம்மா, நேரம் போகுது! மார்க் குறையும்" என்று மேனேஜர் கத்தினார். குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கீழே நின்ற வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினார். பத்து விரலையும் பார்த்துவிட்டுத்தான் அவள் தகட்டைத் தூக்கினாள்.