ஹெலன் மேடம் மடித்து வாங்கிக்கொண்ட பேனர்

துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கண்டெய்னர் வண்டிகளின் வரிசையில் என் டிரெய்லரும் நின்றுகொண்டிருந்தபோது மகள் தேவி கூப்பிட்டாள். "ஹெலன் மேடம் காலைல தவறிட்டாங்க நைனா" என்றாள். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் வரிசை நகர்ந்துவிட்டதைக் கவனித்தேன்.

பேராசிரியர் ஹெலனைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத அவரிடம் படித்த நீங்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பேனர் கதை.

எண்ணூர்க் கழிமுகத்து இறால்களைப் பற்றி ஹெலன் மேடத்திடம் தேவி முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். கடைசியாக வாய்மொழித் தேர்வு, யாரும் வந்து பார்க்கலாம் என்றாள். காதுகுத்துக்கே பேனர் கட்டுகிற ஊர் எங்களுடையது. 'முனைவர் தேவி' என்று அவள் படத்தோடு போட்டு, மேடத்தின் படத்தைப் பெரிதாகவும், என் படத்தை அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் அச்சடித்து, காலையிலேயே பல்கலைக்கழக வாசலில் கட்டிவிட்டேன். தேர்வே இன்னும் தொடங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு உறைத்தது. "ரிசல்ட்ட நீங்களே போட்டுட்டீங்க, அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டவர் காரை விட்டு இறங்கவில்லை. பல வருட உழைப்பு நான் கட்டிய கயிற்றில் தொங்குவதைப் பார்த்து, "இன்னா நைனா இப்டிப் பண்ட்ட?" என்று தேவி அழுதாள்.

மேடம் வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "சார், இது எங்க ஊரு வழக்கம். கேள்விய எவ்ளோ கஷ்டமா வேணும்னாலும் கேளுங்க, பொண்ணு நிப்பா" என்று அவரை இறக்கி அழைத்துப் போனார். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, ராயபுரத்துப் பேச்சுக்கு மாறிச் சொன்னார்: "கிழிச்சிடாதீங்க டிரைவர் சார். நம்ம வூட்டு புஸ்தக ரூம் ஒழுகிகினு கீது. மடிச்சுக் குடுங்க."

தேவி நின்றாள். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, கடைசி வரிசையில் ஒளிந்திருந்த என்னைப் பார்த்து மேடம், "உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்றார். பாதிதான் என்றேன். "எந்தப் பாதி புரியல? கேளுங்க."

அந்த இறாலைச் சாப்பிடலாமா, கூடாதா என்று கேட்டேன். அறையே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல், "பதில் சொல்லு தேவி" என்றார். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே தேவி எனக்கு விளக்கினாள். என் மகள் என்ன படித்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் தவறிய அன்று அஞ்சலி செலுத்த மலர் மாலையோடு அவர் வீட்டுக்குப் போனேன். புத்தக அறையில், ஒழுகும் கூரைக்கு அடியில் அந்த பேனர் இழுத்துக் கட்டியிருந்தது. படத்தில் மேடமும் தேவியும் அலமாரிகளைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்பு தொங்குவதற்காக ஓட்டை போட்ட இடம் சரியாக என் முகம்.

தேவி இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். மறுநாள் பாடத்தைச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். புரியாவிட்டால் நான் கையைத் தூக்குவேன். மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து இந்தத் தைரியம்தான். நேற்றும் சோற்றுக் கையைத் தூக்கினேன். தேவி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"எந்தப் பாதி நைனா?"